கிரீன்ஸ் ஸ்லாங் அகராதி: ‘டூட்’ என்ற ஒரே சொல்லை வைத்து ஒரு விமர்சனம்

ஆங்கில ஸ்லாங் சொல், அதாவது தெருப்பேச்சுச் சொல் ஒன்றுக்குப் பொருள் தேட வேண்டும், அது எங்கே எப்போது பிறந்தது என்று தெரிய வேண்டும் என்றால் நேராகப் போக வேண்டிய இடம் ஜொனாதன் கிரீன் தொகுத்த ‘கிரீன்ஸ் டிக்‌ஷனரி ஆஃப் ஸ்லாங்’ இணையதளம்தான். முதல் வரியிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் இதனால் பயன் பெறக்கூடியவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். சப்டைட்டில் எழுதுகிறவர்கள், நாவல் மொழிபெயர்க்கிறவர்கள், கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவர்கள், வேலை எதுவும் இல்லாமல் ஒரு சொல்லின் கதையைத் தெரிந்துகொள்ளவே ஆசைப்படுகிறவர்கள். நான் சப்டைட்டில் வேலை செய்கிறேன், அதனால் இந்தத் தளம் என் கணினியில் காலையிலிருந்து ராத்திரி வரை திறந்தே கிடக்கும்.

கிரீன் இங்கிலாந்துக்காரர், 1948-இல் பிறந்தவர். பல பத்தாண்டுகளாக ஸ்லாங் சேர்ப்பதையே முழுநேரத் தொழிலாக வைத்திருப்பவர். 2010-இல் இந்த அகராதி மூன்று கனமான தொகுதிகளாக அச்சில் வந்தது. ஏறக்குறைய 500 ஆண்டு ஆங்கில ஸ்லாங், நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். 2012-இல் சிறந்த உசாத்துணை நூலுக்கு அமெரிக்க நூலகச் சங்கம் தரும் டார்ட்மவுத் பதக்கம் கிடைத்தது. ஆனால் அந்த மூன்று தொகுதியை நூலகம்தான் வாங்க முடியும், தனி மனிதர் வாங்குகிற விலையில்லை. 2016-இல் இணையத்துக்கு வந்தது. அப்போது பொருள் மட்டும் இலவசம், மேற்கோள்களைப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். 2018-இல் எல்லாவற்றையும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அச்சோடு முடிந்துபோன வேலையும் இல்லை இது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாகச் சேர்த்துக்கொண்டும் பழையதைத் திருத்திக்கொண்டும் இருக்கிறார்கள். இத்தனை பெரிய உழைப்பை ஒருவர் உலகத்துக்குச் சும்மா கொடுத்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் நிறைகிறது.

சரி, அகராதி நல்லதா கெட்டதா என்று எப்படிச் சொல்வது? ஒரே ஒரு சொல்லைக் கொடுத்து அதை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அப்படிக் கொடுக்க ‘டூட்’ (dude) போல வசதியான சொல் வேறில்லை. சின்னச் சொல், எல்லோருக்கும் தெரிந்த சொல். நம் ஊர்ப் பிள்ளைகள் சாட்டில் நிமிடத்துக்கு ஒருமுறை அடிப்பது. பொருளோ ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். அதன் பிறப்பைப் பற்றி ஊரில் சுற்றும் கதைகளுக்கும் குறைவில்லை.

அந்தக் கதைகளில் ஒன்று உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். “டூட் டூட் என்று கூப்பிடுகிறீர்களே, அதற்கு உண்மையான அர்த்தம் தெரியுமா? யானையின் பின்புறத்தில் முளைக்கும் முடி!” இன்னொரு பதிப்பில் யானை போய் ஒட்டகம் வரும். முடிவில் ‘இளைய தலைமுறைக்குப் பகிருங்கள்’ என்று கைகூப்பிய படம். எங்கள் குடும்பக் குழுவில் இது சுற்றிச் சுற்றி வருகிறது, ஒவ்வொரு முறையும் படித்த பெரியவர்களே “அடடா, அப்படியா” என்று பதில் போடுகிறார்கள். இது முழுப் பொய். பொய் என்று வெறுமனே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். கேட்பதும் நியாயம்தான். அந்த இடத்தில்தான் கிரீனின் அகராதி கை கொடுக்கிறது.

தளத்தில் சொல்லைத் தட்டினால் பொருள்கள் எண்ணிட்டு வரும். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே மேற்கோள்கள், ஆண்டு வரிசையில். முதலில் ஆண்டு, பக்கத்தில் எந்த நாடு என்று ஒரு குறிப்பு, அப்புறம் எழுதியவர், நூல் அல்லது பத்திரிகை, பிறகு அந்த வாக்கியம். பார்க்க ஒன்றும் கவர்ச்சியாக இருக்காது. ஆனால் ஸ்லாங் விஷயத்தில் இந்த ஆண்டு வரிசைதான் எல்லாமே. ஒரு சொல்லுக்கு யானை முடி என்று ஒரு காலத்தில் பொருள் இருந்திருந்தால், வேட்டைக்காரரின் குறிப்பிலோ சர்க்கஸ் செய்தியிலோ கால்நடை வைத்தியப் புத்தகத்திலோ யாராவது ஒருவர் ஒரே ஒரு வரியாவது அப்படி எழுதியிருக்க வேண்டும். அப்படி ஒரு வரியும் கிடையாது. கிடைப்பதெல்லாம் 1883-ஆம் ஆண்டின் நியூயார்க்.

அந்த ஆண்டில் இந்தச் சொல் ஒரு காய்ச்சல் மாதிரி ஊரைப் பிடித்திருக்கிறது. 1883 ஜனவரி 14 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ பத்திரிகையில் ராபர்ட் சேல் ஹில் என்பவர் எழுதிய கேலிக் கவிதை ஒன்று வந்தது, டூட் என்றால் யார், எங்கிருந்து வந்தவன் என்று. அதற்கப்புறம் பத்திரிகைகள் விடவில்லை. கட்டுரை, கார்ட்டூன், வாசகர் கடிதம் என்று சில மாதங்களுக்கு இதே பேச்சு. அவர்கள் வரையும் டூட் எப்படி இருப்பான் தெரியுமா? காலோடு ஒட்டிய கால்சட்டை, கூர்மூக்குச் செருப்பு, தாடையை முட்டும் உயரமான காலர், ஒற்றைக் கண்ணாடி, கையில் வெள்ளிப்பூண் போட்ட தடி, வாயில் சிகரெட். பேச்சில் இல்லாத லண்டன் வாடையை இழுத்து வைத்திருப்பான். அப்பா சம்பாதித்த காசு, வேலை என்று ஒன்றும் இல்லை. இன்றைக்கு நாம் ‘டூட்’ என்றதும் கலைந்த தலையும் அரைக்கால் சட்டையுமாக ஒருவனை நினைக்கிறோமே, அதற்கு நேர் எதிர் உருவம். அலங்காரப் பைத்தியம் பிடித்த பணக்கார வீட்டுப் பையன் என்பதுதான் முதல் பொருள், அதுவும் வசைப்பொருள்.

ஏன் சரியாக அந்த நேரத்தில்? முந்தைய ஆண்டு, 1882 முழுக்க ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சுற்றி அழகியல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பூவும் பட்டும் நீண்ட முடியுமாக ஒரு புது நாகரிகம் வந்து இறங்கியிருந்தது, அதைக் கேலி செய்ய ஊருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே தொகுத்த ‘டி’ எழுத்துப் பகுதியிலேயே, அதாவது 1890-களிலேயே, இந்தத் தொடர்பைக் குறித்துவிட்டார்கள்: 1883 தொடக்கத்தில் நியூயார்க்கில் பரவிய சொல், அன்றைய அழகியல் மோகத்தோடு தொடர்புடையது, பிறப்பு பதிவாகவில்லை. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்தக் குறிப்பின் முதல் பாதி அப்படியே நிற்கிறது. 1883-க்கு முன்னால் அங்கொன்று இங்கொன்றாகத் தடயம் இல்லாமல் இல்லை. பின்னாளில் மேற்குப் பிரதேச ஓவியங்களால் புகழ்பெற்ற ஃபிரடெரிக் ரெமிங்டன் இளம் வயதில், 1877-இல், ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இனிமேல் பெண்களையும் டூட்களையும் வரைந்து அனுப்பாதே என்கிற மாதிரி ஒரு வரி இருக்கிறது. ஆனால் சொல் வெடித்துப் பரவியது 1883-இல்தான்.

இனி அந்த இரண்டாம் பாதி, பிறப்பு. இங்கே கிரீனின் தளத்துக்குக் கொஞ்சம் மதிப்பெண் குறைப்பேன். மேற்கோள்களை அள்ளிக் கொடுக்கிற அளவுக்கு அது சொற்பிறப்பை விளக்குவதில்லை, சுருக்கமாக ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். பிறப்புக் கதைக்கு டக்ளஸ் ஹார்ப்பரின் ‘ஆன்லைன் எடிமாலஜி டிக்‌ஷனரி’தான் வாகானது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் இருந்துகொண்டு ஒரே மனிதராக ஆரம்பித்து வளர்த்த தளம், அதுவும் இலவசம். ஒரு சொல்லுக்கு ஒரு பத்தி, நல்ல நடையில், நடுவில் பழைய மேற்கோள் ஒன்றிரண்டு. படிக்க அவ்வளவு சுகமாக இருக்கும்.

டூட்டின் பிறப்புக்கு ஒரு காலத்தில் பல விளக்கங்கள் ஓடின. துணிமணியைக் குறிக்கும் ‘டட்ஸ்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்றார்கள் சிலர், அதிலிருந்து வயலில் நிற்கும் சோளக்கொல்லை பொம்மைக்குக்கூட ஒரு பெயர் இருந்ததாம். வட ஜெர்மன் வழக்கில் முட்டாளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்றார்கள் வேறு சிலர். இப்போது அதிகம் ஏற்கப்படுவது ‘யாங்கி டூடில்’ விளக்கம். அமெரிக்காவில் குழந்தைக்கும் தெரிந்த பாட்டு அது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அமெரிக்கக் குடியேறிகளைக் கிண்டல் செய்து பாடியதாகச் சொல்வார்கள். தொப்பியில் ஒரு இறகைச் செருகிக்கொண்டு, தன்னை லண்டனின் உயர்ந்த நாகரிகக்காரனாக நினைத்துக்கொள்ளும் பட்டிக்காட்டான்தான் பாட்டின் நாயகன். அந்தப் பாட்டில் வரும் ‘மக்கரோனி’ தின்கிற மக்கரோனி இல்லை. அந்தக் காலத்து லண்டன் அலங்காரப் பிரியர்களுக்குத்தான் அப்படி ஒரு பெயர் இருந்தது.

மிஸூரியில் பேராசிரியராக இருந்த ஜெரால்ட் கோஹன், பாரி பாப்பிக், பீட்டர் ரைட்டன் ஆகியோர் பழைய பத்திரிகைகளைத் துழாவித் துழாவிச் சேர்த்த சான்றுகளை 2013-இல் கோஹன் நடத்தும் ‘காமென்ட்ஸ் ஆன் எடிமாலஜி’ ஆய்விதழில் வெளியிட்டார்கள். டூடில் சுருங்கி டூட் ஆனது என்பது அவர்கள் முடிவு. எனக்கு இது சரியாகவே படுகிறது. பழைய அச்சில் சில இடங்களில் இந்தச் சொல்லை இரண்டு ‘ஓ’ போட்டு டூடில் மாதிரியே எழுதியிருக்கிறார்கள். அதைவிட முக்கியமானது, ஆள் பொருந்துகிறான். அமெரிக்காவில் பிறந்து லண்டன்காரன் போல நடிக்கிறவன் என்பதுதான் பாட்டிலும் இருப்பது, 1883-இன் கார்ட்டூன்களிலும் இருப்பது. துணிமணி விளக்கத்தில் அந்தக் கூர்மை இல்லை, அது ஒலி ஒற்றுமையோடு நின்றுவிடுகிறது.

அப்புறம் சொல் மேற்கே போகிறது. அங்கேதான் இரண்டாவது பொருள் பிறக்கிறது, கிரீனின் ஆண்டு வரிசை இங்கே மிக அழகாக வேலை செய்யும். நியூயார்க்கில் டூட் என்றால் அலங்காரக்காரன். டகோட்டாவிலும் வயோமிங்கிலும் மாடு மேய்க்கிறவனுக்குக் கிழக்கேயிருந்து ரயில் ஏறி வந்த எவனும் டூட்தான், பட்டணத்தான் என்று நாம் சொல்வோமே அந்தப் பொருளில். பின்னாளில் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட்டையே முதலில் நியூயார்க் சட்டமன்றத்தில் இந்தப் பெயர் சொல்லிச் சீண்டியிருக்கிறார்கள், 1883-இல் டகோட்டாவுக்குப் போனபோது அங்கேயும் அவர் கண்ணாடி போட்ட பட்டணத்தான்தான். அதே டகோட்டாவில் மெடோரா என்ற ஊர்ப் பக்கம் பண்ணை வைத்திருந்த ஈட்டன் சகோதரர்கள் 1880-களில் கிழக்கேயிருந்து வந்த விருந்தாளிகளிடம் காசு வாங்கிக்கொண்டு தங்க வைக்க ஆரம்பித்தார்கள், பிறகு 1904-இல் வயோமிங்கின் வுல்ஃப் என்ற இடத்துக்கு மாறினார்கள். ‘டூட் ராஞ்ச்’ என்ற தொழிலே இப்படி உருவானதுதான். குதிரை ஏறத் தெரியாத பட்டணத்து ஆட்கள் காசு கொடுத்துச் சில வாரம் மாட்டுக்காரனாக வாழ்ந்து பார்க்கும் பண்ணை. 1926-இல் டூட் ராஞ்ச்சர்ஸ் அசோசியேஷன் என்று சங்கமே தொடங்கிவிட்டார்கள். கவனியுங்கள், கிண்டல் பெயர் இப்போது தொழிலின் பெயர்ப்பலகையில் ஏறிவிட்டது. காசு கொடுக்கிற விருந்தாளியையே டூட் என்று அழைக்கிறார்கள், அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

மூன்றாவது திருப்பம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 1930, 40-களில் அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களிடமும் மெக்சிக வம்சாவளி இளைஞர்களிடமும் இந்தச் சொல் வேறு பிறவி எடுக்கிறது. தொளதொளவென்ற கால்சட்டை, முழங்கால் வரை நீண்ட கோட், அகன்ற தோள் என்று ‘ஸூட் சூட்’ போட்ட பையன்கள் ஒருவரையொருவர் டூட் என்று அழைத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரப் பத்திரிகைகள் அலங்காரக்காரன் என்று கேலி செய்த சொல்லை, அலங்காரம் ஒரு மானப் பிரச்சினையாக இருந்த பையன்கள் பெருமையாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். வசை உறவுச்சொல்லாக மாறியது இவர்கள் வாயில்தான். 60-களில் கலிஃபோர்னியாவின் அலைச்சறுக்குப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள், 80, 90-களின் சினிமாவும் தொலைக்காட்சியும் உலகத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தன. நமக்கு வந்தது இந்தக் கடைசிக் கை மாறிய சரக்குதான், அதனால்தான் நமக்கு டூட் என்றால் கடற்கரைப் பையன்.

இந்த இடத்தில் அகராதிகளுக்குள் ஒரு முரண் உண்டு, இதைச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் முழுமையாகாது. எடிமாலஜி தளம், நான் பார்த்தபோது, எந்த ஆணையும் டூட் என்று சொல்லும் வழக்கை 1966 என்று குறித்து, முதலில் கறுப்பின ஆங்கிலத்தில் வந்தது என்கிறது. ஆனால் ரிச்சர்ட் ஹில் 1994-இல் ‘அமெரிக்கன் ஸ்பீச்’ ஆய்விதழில் எழுதிய வரலாறு அந்தக் கதையை 30, 40-களுக்கே கொண்டுபோகிறது. ஒரே ஆண்டைக் கொடுக்கும் அகராதியில் இப்படி ஒரு வழுக்கல் எப்போதும் உண்டு. அந்த ஆண்டு சொல் பிறந்த நாள் இல்லை, யாரோ அச்சில் அதைப் பிடித்த நாள். தெருவில் பேசுகிறவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், பத்திரிகைக்காரர் எழுத வருவதற்கு 20, 30 வருடம்கூட ஆகலாம். அதுவும் பேசுகிறவர்கள் கறுப்பினத்தவராகவும் மெக்சிக வம்சாவளியினராகவும் இருந்தால், அவர்கள் பேச்சை அச்சில் ஏற்ற அன்றைக்கு யாருக்கு அக்கறை இருந்தது? அதனால்தான் வரிசையாக மேற்கோள் கொடுக்கும் அகராதியை நம்புகிறேன். முடிவை நானே எடுக்கலாம், இடைவெளி எங்கே இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

‘டூட்’ படித்த கையோடு அதே தளங்களில் ‘கை’ (guy) என்ற இன்னொரு ஆங்கிலச் சொல்லையும் தட்டிப் பாருங்கள், ஆள் என்று பொருள்படும் அந்த ‘கை’. 1605 நவம்பரில் லண்டன் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்து மாட்டிக்கொண்ட கை ஃபாக்ஸின் பெயர் அது. வருடா வருடம் நவம்பர் 5 அன்று அவன் உருவத்தைக் கந்தலில் செய்து கொளுத்துவார்கள், அந்தப் பொம்மைக்குப் பெயர் கை. அதிலிருந்து கன்னாபின்னாவென்று உடுத்தியவன் கை ஆனான், பிறகு அமெரிக்காவில் 1840-களில் எந்த ஆணும் கை ஆனான். ஒருவன் மோசமாக உடுத்தியவன், இன்னொருவன் அளவுக்கு மீறி உடுத்தியவன், இரண்டு பேரும் கடைசியில் வெறும் ‘ஆள்’ ஆகிவிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் இந்த ஒற்றுமை என் கண்ணில் பட்டது, அதற்கப்புறம் கொஞ்ச நேரம் வேலையே ஓடவில்லை.

இதெல்லாம் வேலைக்கு எப்படி உதவும் என்று கேட்டால், நிறையவே உதவும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் கீஸ்லிங் 2004-இல் இந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் ஒரு கட்டுரை எழுதினார். மாணவர்களை விட்டு, யார் யாரிடம் எந்தச் சந்தர்ப்பத்தில் டூட் சொல்கிறார்கள் என்று குறித்துவரச் செய்தார். பேச்சைத் தொடங்கவும் முடிக்கவும், வியக்க, சண்டையின் சூட்டைத் தணிக்க, நெருக்கம் காட்ட, ஆமாம் என்று ஒத்துக்கொள்ள, இத்தனைக்கும் அந்த ஒரே ஒலி. இதைப் படித்த பிறகு சப்டைட்டிலில் எல்லா டூட்டுக்கும் ‘மச்சி’ போடும் பழக்கத்தை விட்டுவிட்டேன். நண்பனைத் தேற்றுகிற டூட்டுக்கு ‘மச்சி’ சரி, ‘டேய்’ சரி. கதவைத் திறந்ததும் கண்ட காட்சியில் வாய் பிளந்து சொல்கிற டூட்டுக்கு ‘அடேய்’ அல்லது ‘அம்மாடி’. சண்டை முற்றும்போது ஒருவன் இரண்டு கையையும் விரித்துச் சொல்கிற டூட்டுக்கு ‘விடுப்பா’. 1880-களின் கதையில் வந்தால் இதில் எதுவும் ஆகாது, அங்கே ‘மினுக்கி’, ‘ஷோக்குப் பேர்வழி’ என்றுதான் போக வேண்டும். கௌபாய் படத்தில் ஒரு கிழவன் காறித் துப்பிவிட்டு டூட் என்றால் ‘பட்டணத்தான்’. பொருளை ஆண்டோடும் நாட்டோடும் சேர்த்துக் காட்டுகிற அகராதி இல்லாமல் இதைச் சரியாகச் செய்யவே முடியாது, நூறு வருடத்தைக் கலந்து கட்டிவிடுவோம்.

மற்ற அகராதிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி எல்லாவற்றுக்கும் தாய் மாதிரி, சந்தேகமில்லை, ஆனால் தனி ஆளுக்குச் சந்தா கட்டுப்படியாகாது. இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் உள்ளூர்ப் பொது நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலான நூலகங்களின் அட்டை எண்ணை வைத்து வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். அமெரிக்க ஸ்லாங்குக்கு ஜொனாதன் லைட்டரின் வரலாற்று அகராதி அருமையானது. 1994-இல் ஏ முதல் ஜி வரை, 1997-இல் எச் முதல் ஓ வரை வந்தது. பி-யிலிருந்து மீதி வரவேயில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ‘டூட்’ டி-யில் தொடங்கும் சொல்லாக இருந்ததால் தப்பித்தது.

அர்பன் டிக்‌ஷனரியைப் பற்றித்தான் எச்சரிக்க வேண்டும். 1999-இல் ஆரன் பெக்கம் கல்லூரியில் படிக்கும்போது தொடங்கியது, யார் வேண்டுமானாலும் பொருள் எழுதலாம், படிப்பவர்கள் ஓட்டுப் போடலாம். போன வாரம் பிறந்த சொல்லுக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை, அந்த அளவில் நானும் பார்க்கிறேன். ஆனால் சொல்லின் பிறப்பை அங்கே தேடாதீர்கள். சிரிக்க வைத்த பதிலுக்கு ஓட்டு விழும், உண்மையான பதில் கீழே கிடக்கும். யானை முடி மாதிரிக் கதைகள் உயிரோடு இருப்பதே இந்த மாதிரி இடங்களால்தான்.

கிரீனின் தளத்துக்குத் திரும்பினால், குறைகள் இருக்கின்றன. உச்சரிப்பு கிடையாது, ஒலிப்பதிவு கிடையாது, அதற்கு வேறு அகராதிதான். நூல்களையும் பத்திரிகைகளையும் சுருக்கக் குறியில் தருவதால் முதலில் கொஞ்சம் மிரட்டும், கொஞ்ச நாளில் பழகிவிடும். மேற்கோள் நீளமாக அடுக்கியிருக்கும் சொற்களைக் கைப்பேசியில் படிப்பது கண்ணுக்குச் சிரமம், பெரிய திரையில் பார்ப்பதே நல்லது. ஒரே மாதிரி எழுதப்படும் சொல்லுக்குப் பெயர்ச்சொல், வினைச்சொல், பெயரடை என்று தனித்தனிப் பதிவுகள் இருக்கும். டூட்டுக்கே ‘சிங்காரித்துக்கொள்’ என்கிற வினை உண்டு, அதை முதல் பதிவில் தேடினால் கிடைக்காது. தேடல் முடிவில் வருகிற எல்லா வரிகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திறங்கள்.

இன்னொன்றை ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். இது தெருவின் அகராதி, தெருவில் இருக்கும் அத்தனையும் இதில் இருக்கிறது. உடல், உடலுறவு, போதை, இனவெறி, சாதாரண அகராதி கைவிடுகிற எதையும் கிரீன் விடவில்லை, மூடி மறைக்கவும் இல்லை. மேற்கோள்களும் வெட்டாமல் அப்படியே வரும். அகராதியாக அது சரியான முடிவுதான், ஆனால் ஒன்பதாம் வகுப்பு ஸ்மார்ட் போர்டில் நேரடியாகத் திறந்து காட்ட முடியாது. நான் என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கு எடிமாலஜி தளத்தைக் கொடுப்பேன், கல்லூரி மாணவர்களுக்கு இரண்டையும் கொடுப்பேன், ‘டூட்’, ‘கை’ இரண்டையும் முதல் பயிற்சியாக வைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் எது முதல் ஆண்டு, எந்த ஊர், யார் வாயிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிவரச் சொல்வேன். மொழிபெயர்க்கிறவர்கள் கேட்க வேண்டியதில்லை, இன்றைக்கே புக்மார்க் பண்ணிக்கொள்ளுங்கள்.